தெரிகிறது, ஆனால் உறைக்கவில்லை

திருப்பூரிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விடுத்தும் இருக்கிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளர் அவர். 14 ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கிறார். கணக்கில் ஒரு பைசா பிசகாது என்று முதலாளியிடம் பெயர் வாங்கியவர். கடந்த ஆறு ஆண்டுகளாகக் குடிக்கிறார். வாரத்தில் நான்கு இரவுகள் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை என்றால் ஒரு ஆஃப். மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் நாட்களில், அநேகமாக எல்லா இரவும் குடிக்கிறார். "நான் தள்ளாடியதில்லை, வீதியில் விழுந்ததில்லை, யார் மீதும் கை வைத்ததில்லை, ஒரு நாள்கூட வேலைக்கு லேட்டாகப் போனதில்லை" என்று எழுதியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன்.

அவரைக் கடிதம் எழுத வைத்தவை மூன்று சம்பவங்கள். முதலாவது, மார்ச் மாதக் கடைசியில், வீட்டிலிருந்தபடியே இரவு பத்து மணிக்கு ஒரு சாயப்பட்டறைக்குப் பணம் அனுப்பியது. புதிதாகச் சேர்த்த கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பில்லில் 47 என்றும் திரையில் 74 என்றும் இருந்தன. "பார்த்தேன். மாறியிருக்கிறது என்று தெரிந்தது. அழுத்திவிட்டேன்" என்கிறார். 3,80,000 ரூபாய் யாரோ ஒருவருடைய கணக்குக்குப் போய், 19 நாட்கள் அலைந்த பிறகு திரும்பி வந்தது. இரண்டாவது, ஒரு பிறந்தநாள் விருந்து முடிந்து ஒன்பது வயது மகளைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் வரும்போது சிவப்பு விளக்கைத் தாண்டியது. "அப்பா, ரெட்டு" என்று மகள் சொன்னாள். "தெரியும் கண்ணு" என்று பதில் சொல்லிக்கொண்டே போய்விட்டார். மூன்றாவது, ஒரு கிரகப்பிரவேச வீட்டில், மனைவியின் சொந்தக்காரர்கள் சுற்றியிருக்க, இறந்துபோன மாமனார் விட்டுச்சென்ற கடனைப் பற்றிப் பேசியது. மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தார். பார்த்த பிறகும் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார்.

மறுநாள் காலையில் எல்லாமே நினைவிருந்தது. அதுதான் இப்போது வீட்டில் பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. "மறந்து போயிருந்தால் குடியின் மேல் பழியைப் போட்டுவிட்டு மன்னித்திருப்பேன், உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அப்படியானால் தெரிந்தேதான் பேசியிருக்கிறீர்கள்" என்கிறார் மனைவி. வாசகரிடம் இதற்குப் பதில் இல்லை. அவர் என்னைக் கேட்பது இவற்றை: எல்லாம் நினைவிருக்கிறது என்றால் நான் நிதானத்தில் இருந்தேன் என்றுதானே பொருள்? அப்படியானால் அதுதான் என் உண்மையான முகமா? குடித்திருக்கும்போதும் கவனமாக இருக்கப் பழகிக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், நாளையே நிறுத்திவிடலாமா?

அன்புள்ள வாசகரே,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் "தெரியும் கண்ணு" என்பதுதான். மதுவுக்கும் மனத்தின் கட்டுப்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்ல முயன்றதை உங்கள் மகளுக்கு நீங்கள் சொன்ன பதில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது உங்களுக்கு உறைக்கவில்லை. தெரிவதும் உறைப்பதும் ஒன்றே என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், உங்கள் மனைவியும் அப்படியே எண்ணுகிறார். மூளை இந்த இரண்டையும் தனித்தனியாகவே செய்கிறது. மது முதலில் கை வைப்பது இரண்டாவதில்.

சுருக்கென்று படும் அந்தக் கணம்

குடிக்காத ஒரு பகல் வேளையில், அலுவலகத்தில் ஒரு விசையைத் தவறாக அழுத்தியதை நினைத்துப் பாருங்கள். விரல் விசையிலிருந்து எழுவதற்கு முன்பே நெஞ்சில் சுருக்கென்று ஏதோ படும். நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள், "ச்சே" என்பீர்கள், அடுத்த எண்ணை அடிக்கும்போது கை தானாகவே மெதுவாகும். யாரும் உங்களுக்கு அதைக் கற்றுத்தரவில்லை. பிழை செய்த பின் மனிதர்கள் அடுத்த அடியைத் தாமதமாக எடுத்து வைக்கிறார்கள் என்பதை பிரிட்டனின் உளவியலாளர் பேட்ரிக் ராபிட் 1966-லேயே பதிவு செய்திருக்கிறார்.

இந்த "சுருக்"கை மின் அலையாகவே பார்க்க முடியும். திரையில் ஐந்து அம்புக்குறிகள் தோன்றும். நடுவில் இருப்பது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து விசையை உடனே அழுத்த வேண்டும். சுற்றியிருக்கும் நான்கும் எதிர்ப்பக்கம் காட்டினால் கை தடுமாறும். தலையில் மின்முனைகள் பொருத்திய தொப்பியோடு ஒருவரை இதைச் செய்யச் சொன்னால், தவறான விசையை அழுத்திய பத்தில் ஒரு நொடிக்குள், நெற்றிக்குச் சற்றுப் பின்னால் ஒரு கூர்மையான அலை எழுவதைக் காணலாம். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். மூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் உட்புறத்தில், முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியிலிருந்து பெரும்பாலும் இது எழுகிறது. "இங்கே ஏதோ சரியில்லை, நில்" என்று முன்மூளைக்குத் தகவல் கொடுக்கும் எச்சரிக்கை மணி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மது உள்ளே போனால் இந்த அலை தேய்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2002-ல் இதைக் காட்டியபோது, குடித்தவருக்குத் தன் பிழையைக் கண்டுகொள்ளும் திறனே மங்குகிறது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் புரூஸ் பார்தலோவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு அந்தப் பொருளைத் திருத்தியது. 21 முதல் 35 வயதுக்குட்பட்ட 67 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மது கொடுத்தார்கள். மற்றவர்களில் சிலருக்கு மது என்று நம்பும்படியான ஒரு பானம், சிலருக்கு மது இல்லை என்று சொல்லியே ஒரு பானம். பிறகு, பிழை நேரும்படியாகவே அமைத்த கடினமான கணினிப் பயிற்சி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். குடித்தவர்களிடம் எச்சரிக்கை அலை குறைந்திருந்தது. ஆனால் தாங்கள் எங்கே தவறினோம் என்று சொல்வதில் அவர்கள் மற்றவர்களுக்குச் சற்றும் குறைந்தவர்களாக இல்லை. தவறு தெரிந்தது, அது அவர்களை உறுத்தவில்லை. உறுத்தாததால் அடுத்த முறை மெதுவாகி நிதானிப்பதும் நடக்கவில்லை.

47-க்கும் 74-க்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கண் பிடித்தது. 14 ஆண்டுப் பழக்கம் அது, ஒரு குவார்ட்டரால் அழிந்துவிடாது. கண் பிடித்ததைக் கைக்குச் சொல்லி நிறுத்த வேண்டிய மணிதான் அந்த இரவு அடிக்கவில்லை. சிக்னலிலும் அதுதான் நடந்தது. உங்கள் மகள் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை. உங்களுக்குள் அடிக்காமல் போன மணியை அவள் வெளியிலிருந்து அடித்தாள்.

நினைவிருப்பது நிதானத்துக்குச் சான்றாகாது

குடியின் ஆழத்தை அளக்க நீங்கள் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறீர்கள்: நடை தள்ளாடுகிறதா, நாக்கு குழறுகிறதா, காலையில் மறந்து போகிறதா. மூன்றிலும் தேறிவிட்டால் நிதானத்தில் இருந்ததாகக் கணக்கு. பிசகு அங்கேதான் இருக்கிறது.

நடந்ததைப் பதிந்து வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற வேறொரு பகுதியின் வேலை. நினைவு அறுந்துபோகும் இரவுகள் பெரும்பாலும் இரத்தத்தில் மதுவின் அளவு மிக உயர்ந்து, அதுவும் வேகமாக உயரும்போது நேர்பவை. உங்களுக்கு நினைவு அறுபடவில்லை என்றால் அந்த உயரத்தைத் தொடவில்லை என்பது மட்டுமே பொருள். கட்டுப்பாடு அதற்கு வெகு கீழேயே தளரத் தொடங்கிவிடுகிறது. தள்ளாடாமல் நடப்பதும் அப்படித்தான். ஆறு ஆண்டுகளில் உங்கள் கால்கள் மதுவுக்குப் பழகிவிட்டன. ஒரு செயலைப் பாதியில் நிறுத்தும் திறன் கால்களைப் போல அவ்வளவு எளிதில் பழகுவதில்லை.

போதை ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரத்தைப் பற்றியே நான் அதிகம் எச்சரிப்பேன். கடைசி மடக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, தெளிந்துவிட்டது போன்ற ஓர் உணர்வு வரும். கைகால்களின் வேகமும் ஓரளவு திரும்பியிருக்கும். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மார்க் ஃபில்மோர் நடத்திய சோதனைகளில், அந்த நேரத்தில் வேகம் மீண்டபோதும் தன்னைத் தடுத்து நிறுத்தும் திறன் மீளவில்லை. வண்டிச் சாவியை எடுக்கும் துணிவு வருவதும், "அந்தப் பட்டறைக்காரருக்குப் பணத்தை அனுப்பிவிடலாம்" என்று தோன்றுவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

நீங்கள் கணக்குத் துறையைச் சேர்ந்தவர் என்பதால் எண்களாகவே வைக்கிறேன். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் மது 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த மது இருக்கிறது. உங்கள் எடை 70 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் அதை முடித்தால் 100 மில்லி இரத்தத்தில் 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன மிசௌரி ஆய்வில் கொடுத்த அளவும் ஏறத்தாழ இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். அதை மீறி ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது அபராதக் கணக்கு முக்கியமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கல்லீரல் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் குறைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர் என எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி தூக்கத்தைக் கலைக்கும். மணியைத் திரும்ப அடிக்க வைக்காது. ஒரு குவார்ட்டர் கழிய அதிகாலை மூன்று, நான்கு மணி ஆகலாம். ஆஃப் என்றால் அதன் இரட்டிப்புக்கும் சற்று மேல். சனிக்கிழமை இரவு ஆஃப் குடித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகளை நீச்சல் பயிற்சிக்குக் கூட்டிச் செல்வதாக, வேறொன்றைச் சொல்லும் இடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் இரத்தத்தில் மது சட்ட எல்லைக்கு மேலே இருக்கவே வாய்ப்பு அதிகம். தூங்கி எழுந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டதனால் அது இறங்கிவிடுவதில்லை. இந்த ஒன்றை இந்த வாரத்திலிருந்தே நிறுத்திவிடுங்கள். மற்றவை நடக்கும்போது நடக்கட்டும், இதற்குத் தவணை கிடையாது.

உண்மை முகம் எது

குடித்தால்தான் மனதில் உள்ளது வெளியே வரும் என்று நம் ஊரில் பரவலாக நம்புகிறார்கள். உங்கள் மனைவியின் குற்றச்சாட்டும் அதிலிருந்துதான் பிறக்கிறது. மாமனாரின் கடனைப் பற்றிய கசப்பு உங்களுக்குள் எங்கேயோ இருந்திருக்கும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கசப்பைப் போலவே, இத்தனை ஆண்டுகளாக அதைச் சபையில் பேசக்கூடாது என்று அடக்கி வைத்த பண்பும் உங்களுடையதே. வருவதை வடிகட்டிப் பேசும் மனிதரை விட்டுவிட்டு, வடிகட்டி கழன்ற நேரத்தில் கொட்டியதை மட்டும் உண்மை முகம் என்று கொள்வது சரியான கணக்கல்ல.

அந்த இரவில் முகம் மாறியதைப் பார்த்தும் பேச்சை நிறுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுவின் பிடியில் கவனம் குறுகி, மிக அருகில், மிகச் சத்தமாக இருப்பதை மட்டுமே பற்றிக்கொள்ளும். கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் இதை மதுவின் கிட்டப்பார்வை என்று அழைத்தார்கள். சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த உறவினர்கள் அருகில் இருந்தார்கள். மனைவியின் முகமும், அதற்குப் பின்னால் காத்திருந்த நாளைய காலையும் தூரத்தில் போய்விட்டன.

இப்போது கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை நான் சொன்னவை விளக்கங்கள்; மன்னிப்புச் சீட்டு என்று எண்ணி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சட்டமும் அப்படிக் கொள்வதில்லை. தானே விரும்பிக் குடித்தவரின் போதை அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24-ஆவது பிரிவுகளிலும் இருக்கிறது. வீட்டுக்குள் மனைவியை இழிவாகப் பேசுவது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் வன்முறைக்குள் வரும். கை வைக்கவில்லை என்பது அதற்கு விடையாகாது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. "அடித்ததில்லை" என்ற ஒரு சொல்லின் பின்னால் பல ஆண்கள் நிம்மதியாக ஒளிந்துகொள்வதை என் அறையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

மனைவி "தெரிந்தே பேசினீர்கள்" என்றால், "ஆமாம், தெரிந்தது, ஆனால் நிறுத்தும் நிலையில் நான் இல்லை, அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோனவன் நான்தான்" என்று சொல்லலாம். உங்கள் பொறுப்பு இரவு பத்து மணிக்கு அழுத்திய விசையில் தொடங்கவில்லை. எட்டு மணிக்கு, அந்த எச்சரிக்கை மணி இன்னும் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, முதல் மூடியைத் திருகியபோதே தொடங்கிவிட்டது.

கவனமாகக் குடிக்கப் பழக முடியுமா

முடியாது என்றே சொல்வேன். கவனமாக இருப்பதற்கு எந்தக் கருவி வேண்டுமோ, அதையே மது முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறது. இரண்டு பெக்கோடு நிறுத்திக்கொள்வேன் என்று எட்டு மணிக்கு எடுத்த முடிவு, மூன்றாவது பெக்கை ஊற்றும்போது உங்களுக்கு நினைவில் இல்லாமலா போகிறது? நினைவில் இருக்கும். உறைக்காது.

குடியை விடும் வரையிலான இடைக்காலத்துக்கு ஒன்று செய்யலாம்: குடித்தவரிடம் எந்த முடிவையும் விட்டுவைக்காமல், குடிக்காதவராகிய நீங்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் முடித்து வைப்பது. வங்கிப் பரிமாற்றத்துக்கான சாதனத்தையும் மடிக்கணினியையும் அலுவலகத்திலேயே பூட்டி வையுங்கள். ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியில் கேட்டு வாங்குங்கள். முதலாளியிடம் காரணம் சொல்லத் தேவையில்லை, எந்தக் கணக்குப் பிரிவிலும் அது நல்ல வழக்கமே. வண்டிச் சாவி மாலையிலேயே மனைவியின் கைக்குப் போய்விட வேண்டும். கேட்டாலும் தரக்கூடாது என்பது பகலில் பேசி முடித்த ஏற்பாடாக இருக்கட்டும், ஆனால் இரவில் அதை வைத்து அவரோடு மல்லுக்கு நிற்க மாட்டேன் என்ற உறுதியையும் நீங்கள் தர வேண்டும். விருந்துகளுக்குக் குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

எதை அணைக்கக் குடிக்கிறீர்கள்

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இது. ஆனால் கடிதம் முழுவதும் விரவிக் கிடக்கிறது. 11-ஆம் தேதி ஒரு தாக்கல், 20-ஆம் தேதி ஒன்று. அந்தப் பத்து நாட்களில் படுக்கையில் கண்ணை மூடினால் எண்கள் ஓடுகின்றன, அனுப்பிய கோப்பை நான்கு முறை திறந்து பார்க்கிறீர்கள், குடித்தால்தான் "அந்த நமைச்சல்" அடங்குகிறது என்கிறீர்கள். பதற்ற இயல்பு மிகுந்தவர்களுக்கு, நான் மேலே சொன்ன பிழை அலை மற்றவர்களைவிடப் பெரிதாக எழுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. ஒரு பைசா பிசகாதவர் என்ற பெயரை உங்களுக்கு வாங்கித் தந்ததும், இரவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வதும் அந்த ஒரே மணியாக இருக்கலாம். பகலெல்லாம் அது ஓயாமல் அடிக்கிறது. இரவில் அதன் நாக்கைக் கட்டிப்போட ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது. தேவையில்லாமல் அடிப்பதை மட்டும் பொறுக்கி அடக்க மதுவுக்குத் தெரியாது. கோப்பைப் பற்றிய வீண் பயத்தை அணைக்கும்போது சிவப்பு விளக்கின் எச்சரிக்கையையும் மனைவியின் முகத்தையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது.

அதனால், குடியை மட்டும் பிடுங்கிவிட்டுப் பதற்றத்தை அப்படியே விட்டால் நீங்கள் 11-ஆம் தேதியைத் தாண்டுவது கடினம். பதற்றத்துக்கென்று தனியாகவே நல்ல சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழியான பயிற்சியும், தேவைப்பட்டால் பழக்கத்துக்கு ஆளாக்காத மருந்துகளும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் குடியைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் இந்த நமைச்சலையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் மறைக்கிறார்கள்.

நாளையே நிறுத்தலாமா

ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் தனியாக, திடீரென்று வேண்டாம். இரண்டு நாள் குடிக்காவிட்டால் தூக்கம் வருவதில்லை, காலையில் கையெழுத்து கோணிப்போகிறது, உள்ளங்கை வியர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை உடல் மதுவைச் சார்ந்துவிட்டதன் அடையாளங்கள். இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் உளறலும் இல்லாதவை கண்ணில் தெரிவதும் நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. உங்களுக்கு ஆகாது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்கள் மருந்தின் துணையோடு இறக்கினால் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். நெடுநாள் குடித்தவர்களுக்குக் குறைந்துபோகும் தயமின் என்ற பி1 வைட்டமினையும் அப்போது கொடுப்பார்கள். அது தீவிரமாகக் குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே கெடலாம் என்பதால் அதைச் சத்து ஊசிதானே என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பிறகு வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. எது பொருந்தும் என்பதைக் கல்லீரல் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார்.

உங்கள் மைத்துனர் எங்கிருந்தோ ஒரு மாத்திரையை வாங்கி வந்து, உங்களுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடச் சொன்னதாகவும், மனைவி மறுத்துவிட்டு அதை உங்களிடமே காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில நேரம் உயிரே போகலாம். நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பின் கொடுக்க வேண்டிய மருந்தை உணவில் ஒளித்து வைப்பது அன்பினால் செய்தாலும் தவறே. உங்கள் மனைவி உங்கள் மீது கொண்ட கோபத்தின் உச்சத்தில் இருந்தபோதும் அதைச் செய்ய மறுத்தவர். இதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் செலவில்லாமல் சிகிச்சை கிடைக்கும். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் மனைவிக்குத் தனியாக ஆலோசனை தேவைப்பட்டால் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. அதை அவர் பயன்படுத்துவதை உங்களுக்கு எதிரான செயலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குடியை விட்டபின் முதல் சில வாரங்கள் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும். தெளிவும் கட்டுப்பாடும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படிப்படியாக மேம்படும். நடுவில் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று முழுவதுமாக விட்டுவிடாமல், மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்க 20-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பத்து நாட்களுக்குள் போவதே நல்லது. முதல் சந்திப்புக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், வர விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். எத்தனை நாள், எத்தனை மில்லி, நிறுத்திய நாட்களில் உடம்பு என்ன செய்தது என்பதுதான் அவர் முதலில் கேட்பது. எனக்கு எழுதிய கடிதத்தில் அவை அனைத்தும் இருக்கின்றன. நகல் வைத்திருந்தால் அதையே எடுத்துச் சென்று அவரிடம் கொடுங்கள்.